பழைய காரின் அடிப்பாகம்: துரு சுரண்டி பெயிண்ட் அடித்த மும்பைக்காரர்கள் எழுதுங்கள்

கிங்ஸ் சர்க்கிள் 800

2006 மாருதி 800. பெட்ரோலோடு சிஎன்ஜி கிட்டும் இருக்கு. அடியில பழைய கறுப்பு அண்டர்கோட்டிங் (துரு வராம அடிக்கிற தார்ப் பூச்சு). பின்சக்கரக் குழி ரெண்டுலயும், டிரைவர் காலடித் தகட்டுலயும் அது உப்பிக்கிட்டு நிக்குது. கராஜ்ல கேட்டா, "வாட்டர் சர்வீஸ் பண்ணி, அதும் மேலயே இன்னொரு கோட் அடிச்சுத் தர்றோம், சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க"ங்கறாங்க. சரியா வருமா, இல்ல முழுசாச் சுரண்டணுமா? சுரண்டினா அப்புறம் என்ன அடிக்கணும், எவ்வளவு வாங்கணும்? செஞ்சு பழகினவங்க விவரமா எழுதுங்க.

செம்பூர் ராம்ப்

மேலயே அடிக்க விடாதீங்க சார். உப்பியிருக்குன்னா கோட்டிங் தகட்டை விட்டு ஏற்கெனவே கழன்றாச்சு. விரிசல் வழியா போன தண்ணி அங்கேயே நிக்கும், காய வழியில்ல. கடலோர ஊர், அந்தத் தண்ணியில உப்பும் இருக்கும். புதுக் கோட்டுக்குக் கீழே துரு நிம்மதியா வேலை பார்க்கும். வெளியே பளபளன்னு இருக்கும். ஒரு நாள் ஜாக் வைக்கும்போது தகடு அப்பளமா நொறுங்கும்.

முதல்ல மாசத்தைப் பாருங்க. நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரைக்கும்தான் இங்கே இந்த வேலைக்குத் தோது. தகட்டோட சூடு, காத்துல பனி படியற சூட்டைவிட 3 டிகிரியாவது மேல இருக்கணும். காத்து ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினா பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது. ஜூன்லிருந்து செப்டம்பர் வரை எத்தனை ஃபேன் போட்டாலும் நடக்காது.

வண்டியை ரெண்டு தூண் லிஃப்ட்லயோ குழியிலயோ விடுங்க. கிடைக்கலைன்னா 3 டன் ஸ்டாண்ட் நாலு. வெறும் ஜாக்கை நம்பி அடியில படுக்கவே கூடாது. ஸ்டாண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி கதவுக்குக் கீழே ஓடற மடிப்பை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. மடிப்பு மேலுக்கு நல்லா இருந்து உள்ளே செத்திருந்தா ஸ்டாண்ட் அப்படியே ஏறிடும்.

சீட், மேட், கீழே ஒட்டியிருக்கிற தார் ஷீட் எல்லாம் கழட்டிட்டு உள்பக்கமும் பாருங்க. பாதி வண்டியில துரு மேலிருந்துதான் கீழே வருது.

சுரண்டறதுக்கு விடியற்காலைதான் நல்லது. குளிர்ந்த தார் வில்லை வில்லையாப் பெயரும். மதியம் ஆச்சுன்னா பிசின் மாதிரி இழுபடும். அதனால தார் மேல கம்பி வீல் ஓட்டாதீங்க. உருகித் தகடு பூராவும் பூசிடும், வீலும் வீணாகும். பட்டி பிளேடு, உளி, தேவைப்பட்ட இடத்துல ஹீட் கன். டேங்க் பக்கமும் பைப் பக்கமும் ஹீட் கன் வேண்டாம். மிச்சம் ஒட்டியிருக்கிறதை மினரல் டர்பென்டைன் நனைச்ச பனியன் வேஸ்ட்டால துடைங்க. மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும்.

கம்பெனி அடிச்ச பி.வி.சி. கோட்டிங் ஸ்க்ரூடிரைவர் நுனியால தூக்க வராம இறுக்கமா இருந்தா அதை விட்டுடுங்க. ஓரத்தை மட்டும் உப்புத்தாளால சரிச்சா போதும். நல்லா இருக்கிறதைப் பிடுங்கறது வீண் வேலை.

அப்புறம் 4 இஞ்ச் கிரைண்டர்ல முறுக்குக் கம்பிக் கப். கப்போட வேக அளவு கிரைண்டரைவிடக் கூட இருக்கணும். நாக்தேவி தெருவுல கேட்டா கிடைக்கும். ரோட்டோரத்து மலிவுக் கப் கம்பியைத் துப்பும். கண்ணாடி மட்டும் போதாது, முழு முகக் கவசமும் தூசி மாஸ்கும் வேணும். இங்கே ஒரு ஏமாத்து இருக்கு: கம்பி துருவை எடுக்காம சில இடத்துல தேய்ச்சுப் பளபளப்பாக்கிடும். பழுப்புல ஒரு மினுமினுப்பு தெரிஞ்சா அது இரும்பு இல்ல, பாலிஷ் ஆன துரு. 80 நம்பர் உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் போங்க.

இதுக்கப்புறம் பல பேர் விட்டுடறது ஒண்ணு: தேய்ச்ச தகட்டைக் கழுவணும். ஷாம்பூ தண்ணி, நைலான் பிரஷ், நல்ல தண்ணியில அலசல். காத்து அடிச்சுக் காய வெச்சு ராத்திரி விட்டுடுங்க. காலையில குழிகுழியாக் கரும்பழுப்புப் புள்ளி வியர்த்திருந்தா உப்பு இன்னும் உள்ளே இருக்குன்னு அர்த்தம். தேய்ச்சு, திரும்பக் கழுவணும். புள்ளி வராத அன்னிக்குத்தான் பெயிண்ட்.

வாஷி பாலம்

அலசற தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க. முனிசிபாலிட்டி தண்ணி ஏரித் தண்ணி, பிரச்சினை இல்ல. சொசைட்டியில காருக்குக் குடுக்கறது பெரும்பாலும் போர் தண்ணி. கடல் பக்கம் அது உவர்ப்பா இருக்கும். கடைசி அலசலுக்காவது குடிக்கிற தண்ணி ரெண்டு குடம் எடுத்து வைங்க.

மேட் ஈரமா இருந்தா மழைத் தண்ணின்னு முடிவு கட்டாதீங்க. இந்த ஊர்ல ஏசி பன்னிரண்டு மாசமும் ஓடுது. அதோட வடிகுழாய் இலை, தூசியால அடைச்சா தண்ணி காலடியில கொட்டும். ஏசியை 15 நிமிஷம் போட்டு அடியில சொட்டுதான்னு பாருங்க. அதைச் சரி பண்ணாம கீழே எத்தனை கோட் அடிச்சும் புண்ணியமில்ல. கதவு, சில் (கதவுக்குக் கீழே ஓடற பெட்டித் தகடு), டிக்கி ஓரம், எல்லாத்துலயும் வடிகால் ஓட்டை இருக்கு. கேபிள் டை விட்டுக் குத்துங்க. முன்னாடி கறுப்பு அடிச்சவங்க பாதியை அடைச்சிருப்பாங்க.

கிங்ஸ் சர்க்கிள் 800

நன்றி. துருவைக் கறுப்பாக்கற கன்வெர்ட்டர் திரவம் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். அதை அடிச்சிட்டு மேல எபாக்ஸி பிரைமர் போடலாமா? கராஜ்ல ரெட் ஆக்ஸைடே போதும்ங்கறாங்க.

கலினா லேப்

ரெட் ஆக்ஸைடு ஜன்னல் கிரில்லுக்குச் சரி. அது ஹார்டனர் கலக்காமல் அடிக்கும் ஒற்றை டப்பா அல்கைட் (எண்ணெய் வகைப் பெயிண்ட்). நீராவியை உள்ளே விடும். அதன் மேல் கடுமையான தின்னர் உள்ள பெயிண்ட் அடித்தால் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். காருக்கு அடியில் இரண்டு டப்பா எபாக்ஸி (ஒன்றில் பெயிண்ட், மற்றதில் அதை இறுகவைக்கும் ஹார்டனர்), ஜிங்க் பாஸ்பேட் உள்ளதாகப் பாருங்கள். ஜிங்க் ரிச் என்று விற்பதற்கு மணல் அடித்துச் சுத்தம் செய்த தகடு வேண்டும்; கையால் தேய்த்த தகட்டில் அது காசுக்குக் கேடு.

கன்வெர்ட்டரில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். அது வேலை செய்வது தகட்டோடு இறுகிய மெல்லிய துருவில்தான். செதிலாக நிற்கும் துருவில் மேல்தோலை மட்டும் கறுப்பாக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், மிஞ்சிய அமிலம் எபாக்ஸியின் ஹார்டனரைக் கெடுக்கும். பெயிண்ட் காய்ந்ததுபோல் இருக்கும், நகத்தால் கீறினால் தோலாக உரியும். வெறும் இரும்பு தெரியும் இடத்தில் கன்வெர்ட்டரே வேண்டாம், நேராக எபாக்ஸி. கட்டாயம் போட்டே ஆக வேண்டுமென்றால் டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, நிறையத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, உப்புத்தாள் போட்ட பிறகு பிரைமர்.

அளவு: 800 காரின் நீளம் 3.34 மீட்டர், அகலம் 1.44 மீட்டர். தட்டையாகப் பார்த்தால் 4.8 சதுர மீட்டர். மடிப்பு, சக்கரக் குழி எல்லாம் சேர்த்தால் 8 என்று வையுங்கள். இரண்டு கோட்டில் காய்ந்த கனம் 100 மைக்ரான் வர வேண்டும். டப்பாவில் கெட்டிப்பொருள் கன அளவில் பாதி என்றால் சதுர மீட்டருக்கு 200 மில்லி, மொத்தம் 1.6 லிட்டர். தலைக்கு மேல் ஸ்ப்ரே அடிப்பதில் முப்பது சதவீதம் காற்றில் போகும். ஆக, ஹார்டனரும் சேர்த்து இரண்டரை லிட்டர் வாங்குங்கள். தின்னர் எபாக்ஸிக்கு உரியதே. கராஜில் கேனில் இருக்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான) தின்னரை ஊற்றினால் படலம் கெட்டுவிடும்.

கலவை விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கண் அளவில் ஊற்றக் கூடாது. எடை விகிதமா, கன அளவு விகிதமா என்றும் டப்பாவில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. கலந்த பின் 15, 20 நிமிடம் ஊறவைக்கச் சொல்லியிருந்தால் ஊறட்டும். சூடு 10 டிகிரி ஏறினால் கலவை தாங்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும் என்பதால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கலக்காதீர்கள். அரை லிட்டர் அரை லிட்டராகக் கலப்பது நல்லது.

அடிக்கும் முன் ஒரு காரியம். மடிப்பு ஓரம், போல்ட் ஓட்டை, வெல்டிங் கோடு, எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் ஒரு கோடு இழுங்கள். ஈரப் பெயிண்ட் கூர்மையான ஓரத்தைவிட்டு விலகி மெலிந்துவிடும்; துரு முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். முதல் கோட் ஒரு நிறம், இரண்டாவது வேறு நிறம் என்றால் விட்டுப்போன இடம் தெரியும். இரண்டு கோட்டுக்கும் இடையே டப்பாவில் சொன்ன நேரம் தாண்டிவிட்டால் 220 நம்பரால் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு அடியுங்கள்.

மேலே கறுப்பு வேண்டாம் என்பது என் கட்சி. வெளிர்சாம்பல் அடித்தால் துருப்புள்ளியும் ஆயில் கசிவும் ஒரு பார்வையில் தெரியும். எபாக்ஸி வெயிலில்தான் மாவாக உதிரும். அடியில் வெயில் ஏது, அதனால் மேல் கோட் கட்டாயமில்லை. பி.யூ. (பாலியூரிதேன் பெயிண்ட்) அடிப்பதென்றால் அதன் ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, துணி மாஸ்க் எதற்கும் ஆகாது.

வாஷி பாலம்

கலினா சார் சொல்றது கை போகிற இடத்துக்கு. ரெண்டு தகடு ஒட்டற இடுக்கு, பெட்டி உத்தரத்தோட உள்பக்கம், அங்கே பிரஷ்ஷும் போகாது கழுவவும் முடியாது. அங்கே கன்வெர்ட்டரும் வேண்டாம், எபாக்ஸியும் வேண்டாம், கேவிட்டி வேக்ஸ் (உள்கூட்டுல தெளிக்கிற மெழுகு) மட்டும்.

கலினா லேப்

ஒப்புக்கொள்கிறேன்.

சயான் டிங்கர்

ஓட்டை இருந்தா பெயிண்ட் பேச்சுக்கு முன்னாடி என்கிட்ட வரணும். எம்-சீல், பைபர், பட்டி, எதுவும் தரைத்தகட்டுல கூடாது. 800, ஜென், சான்ட்ரோ எல்லாத்துலயும் தனி சேஸிஸ் கிடையாது, தகடுதான் சேஸிஸ். சில், சீட் பெல்ட் பிடிக்கிற இடம், சஸ்பென்ஷன் ஏறுற இடம் இதுல ஓட்டைன்னா கூடுதல் கவனம்.

நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எறியணும். துரு மேலயே துண்டு வெச்சு கேஸ் வெல்டிங் ஊதறவங்ககிட்ட குடுக்காதீங்க. அந்தச் சூடு பக்கத்துத் தகட்டை நெளிச்சுடும், ஓரம் மறு வருஷமே துருப்பிடிக்கும். 0.8 அல்லது 1 மி.மீ. சி.ஆர்.சி. (குளிர்நிலையில உருட்டின இரும்பு) தகடு, சிஓ2 வெல்டிங், விட்டு விட்டுப் பொட்டு வைக்கணும். மேல படியற துண்டுன்னா 6, 8 மி.மீ. ஓட்டை போட்டு அதை வெல்டிங்கால நிரப்பற மாதிரி. பேட்டரி எர்த்தைக் கழட்டிடுங்க. உள்ளே மேட் எடுத்திருக்கணும், ஒரு ஆள் தண்ணி பாட்டிலோட உள்பக்கம் பார்த்துக்கிட்டே நிக்கணும். வெல்டிங் கோட்டு மேல பிரைமர், அதுக்கு மேல பி.யூ. சீலர். சீலரை வெறும் இரும்புல அடிக்கக் கூடாது.

வேக்ஸ் எப்பவும் வெல்டிங்குக்கு அப்புறம்தான். உள்ளே வேக்ஸ் இருக்கிற சில்லுல பொறி பட்டா பத்திக்கும்.

முலுண்ட் கேஸ்

சிஎன்ஜி வண்டின்னு சொன்னீங்க, யாரும் அதைத் தொடலை. சிலிண்டர்லிருந்து முன்னாடி போற இரும்புப் பைப் அடியிலதான் ஓடுது. உள்ளே 200 பார் வரைக்கும் அழுத்தம். சிலிண்டர் வால்வை மூடி, எஞ்சினை ஓட விட்டு லைன்ல இருக்கிற கேஸை எரிச்சுட்டு ஆரம்பிங்க. கிரைண்டரும் வெல்டிங்கும் அந்தப் பைப்புக்குக் கிட்ட வேணும்னா கேஸ் கிட் ஆள் வந்து கழட்டட்டும், நீங்க வளைக்கவோ நெம்பவோ கூடாது. இணைப்பு நட் மேல எந்தக் கோட்டிங்கும் வேண்டாம், சோப்புத் தண்ணி வெச்சுக் கசிவு பார்க்கிற இடம் அது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற சிலிண்டர் சோதனைக்கு எப்படியும் சிலிண்டரை இறக்குவாங்க. அந்தச் சமயத்தோட சேர்த்து வெச்சுக்கிட்டா டிக்கித் தகட்டையும் ஒரே மூச்சுல பார்த்துடலாம்.

பெட்ரோல் டேங்க் வேற கதை. சிஎன்ஜி மேல போயிடும். பெட்ரோல் ஆவி கீழே, நீங்க படுத்திருக்கிற இடத்துல வந்து தங்கும். டேங்கைக் கிட்டத்தட்ட காலியாக்கி இறக்கிடுங்க. பட்டை போல்ட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கற ஆயில் விடலைன்னா தலை முறிஞ்சு கையோட வரும்.

தாராவி 90

பழைய எஞ்சின் ஆயிலை அடியில அடிச்சா துருவே வராதுன்னு சர்வீஸ் ஸ்டேஷன்ல ஒரு சாமியார் மருந்து சொல்லுவாங்களே, அதுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை எழுதுங்க.

செம்பூர் ராம்ப்

புஷ், டிரைவ் ஷாஃப்ட் பூட் ரப்பரெல்லாம் ஊதிப் போகும், தூசி கெட்டியாப் பிடிச்சு ஈரத்தைத் தக்க வைக்கும், பின்னாடி எந்தப் பெயிண்ட்டும் ஒட்டாது. போதுமா?

மறைக்க வேண்டிய இடம் சொல்லிடறேன். சைலன்ஸர், கேட்டலிடிக், ஆக்ஸிஜன் சென்சாருக்கு அலுமினியத் தாள். பிரேக் டிரம்முக்குப் பாலிதீன் பை. ரப்பர் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், புஷ் மேல ஒரு துளி படக் கூடாது. போல்ட் ஓட்டையில கிரீஸ் தடவின பழைய போல்ட்டை முடுக்கி வைங்க.

பிரேக் பைப் 4.75 மி.மீ. இரும்புக் குழாய்தான், மேல மெல்லிய பூச்சு இருக்கும். கம்பி பிரஷ் போட்டா அந்தப் பூச்சே போயிடும். பச்சை ஸ்க்ரப்பர் போதும். கிளிப்புக்கு அடியில பாருங்க, மண் அடைஞ்சு அங்கேதான் குழி விழும். நகம் மாட்டற அளவுக்குக் குழி இருந்தா பெயிண்ட் வேண்டாம், பைப்பே புதுசு.

கல்லடி தாங்கற ரப்பர் கோட்டிங் முழு அடிக்கும் தேவையில்ல. நாலு சக்கரக் குழி, முன்சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு முழம், சில்லோட கீழ்ப்பக்கம், இவ்வளவுதான். எபாக்ஸிக்கு மேல, தார் இல்லாத வகை. ஒரு லிட்டர் டப்பா மூணு சரியா இருக்கும்.

கடைசியா வேக்ஸ். நுனியில சுத்திலும் துளை இருக்கிற நீளக் குழாய் போட்ட கன், சில்லுல இருக்கிற ரப்பர் மூடியைக் கழட்டி உள்ளே கடைசி வரைக்கும் விட்டு, அடிச்சுக்கிட்டே மெதுவா வெளியே இழுக்கணும். ஒரு பக்கத்துக்குக் கால் லிட்டர்லிருந்து அரை லிட்டர். டப்பாவை முன்னாடியே வெயில்ல வெச்சுச் சூடாக்கினா இடுக்கு வரைக்கும் ஓடும். வடிகால்ல சொட்டு வந்தா உள்ளே போய்ச் சேர்ந்ததுன்னு அர்த்தம். சொட்டு நின்னதும் ஓட்டையைத் திரும்பக் குத்தி விடுங்க. ஒரு நாள் முழுக்கச் சொட்டும், அட்டை விரிச்சு வைங்க, இல்லைன்னா சொசைட்டி செக்ரட்டரி தரையைக் காட்ட உங்களைக் கீழே கூப்பிடுவார்.