தொப்புளைச் சுற்றி வயிறு தானாக நெளிகிறது: மருந்தா, போட்டாக்ஸ் ஊசியா?

பிசியோ, கடலூர்: 58 வயது அம்மா ஒருவர், சர்க்கரை உண்டு. தொப்புளைச் சுற்றி வயிறு அலை அலையாக நெளிகிறது, அடக்க முடியவில்லை. வயிற்று ஸ்கேனில் ஒன்றுமில்லை. பெல்லி டான்சர் டிஸ்கைனீசியா (வயிற்றுத் தசை தானாக நெளியும் அசைவுக் கோளாறு) என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி பற்றிக் கேட்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

நரம்பியல் மருத்துவர், புதுச்சேரி: ஊசி பிறகு. முதலில் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் வாங்கிப் பாருங்கள். 'கேஸ்' தொல்லைக்கு, அமிலம் குறைக்கும் ரபிப்ரசோல், பான்டோப்ரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்சூல் நம் பக்கம் சர்வசாதாரணம். அது டோபமைனை (அசைவைச் சீராக வைக்கும் மூளை வேதிப்பொருள்) தடுக்கும் மருந்து, இந்த மாதிரி அசைவைக் கொண்டுவரும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஃப்ளூனரிசினும் அப்படியே. பிராண்டு பெயரை விட்டுவிட்டுக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள்.

மருந்துதான் காரணமென்றால், எழுதிய மருத்துவரிடம் சொல்லி நிறுத்துவதே சிகிச்சை. அடங்க வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். நிறுத்தியதும் சிலருக்கு நெளிவு கூடும். பயந்து அதே கேப்சூலை மறுபடி போட்டால் அசைவு மறையும், நோய் உள்ளே வளரும். இதுதான் அதிகம் நடக்கும் தவறு.

மருந்து காரணமில்லை என்றால் நெஞ்சுப் பகுதித் தண்டுவட எம்ஆர்ஐ, தசைக்கு இஎம்ஜி (தசையின் மின்துடிப்பைப் பதியும் சோதனை), உதரவிதானம் துடிக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட். சர்க்கரை மிக ஏறியிருந்தாலும் தானியங்கி அசைவு வரும், அதையும் பாருங்கள்.

மருந்தாளுநர், கடலூர்: அடுத்து பெரும்பாலும் அசைவை அடக்க குளோனசெபம் மாத்திரை, இரவில் 0.25 அல்லது 0.5 மி.கி., மெல்ல ஏற்றுவார்கள். இந்த வயதில் தள்ளாட்டம், விழுகை முக்கியம். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

நரம்பியல் மருத்துவர், புதுச்சேரி: அதிலும் அடங்காவிட்டால்தான் ஊசி. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ரெக்டஸ் தசைக்குள் (வயிற்றின் முன்பக்கத் தசை) பல இடங்களில் சிறு சிறு அளவாகப் போட வேண்டும். தசை மெலிந்தவர்களுக்கு அதன் அடியிலேயே குடல். அளவு கூடினால் வயிற்றுச் சுவர் தளர்ந்து, படுக்கையிலிருந்து எழவும் முக்கவும் சிரமப்படுவார்கள். ஒரு பிராண்டின் யூனிட் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பலன் சில நாளில் தெரியும், ஏறக்குறைய 3 மாதம் நிற்கும். 12 வாரத்துக்குள் மறுபடி போடக் கூடாது.

பிசியோ, கடலூர்: டென்ஸ் (தோல் வழியே மெல்லிய மின்துடிப்பு தரும் கருவி) வைத்துப் பார்க்கலாமா?

நரம்பியல் மருத்துவர், புதுச்சேரி: சிலருக்குக் கேட்டிருக்கிறது. பேஸ்மேக்கர் இருந்தால் வேண்டாம். ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பும்போது படுத்து, உட்கார்ந்து, பேசிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, தூங்கும்போது என வீடியோ எடுத்துக் கொடுத்துவிடுங்கள். கவனம் திரும்பும்போது அசைவு நிற்கிறதா என்பது அதில்தான் தெரியும். அப்படி நின்றால் அது நடிப்பல்ல; செயல்பாட்டுக் கோளாறு (நரம்பு சேதமில்லாமல், மூளை உடலை இயக்கும் விதத்தில் வரும் கோளாறு), உங்கள் பயிற்சிக்கே பலருக்கு நன்றாகக் கேட்கும். அட்டைகளையும் கூடவே அனுப்புங்கள்.