வாசிக்காத வயலினுக்குச் சம்பளமா? பிராட்வே சண்டை

ஓரச்சீட்டு:
நியூயார்க் பிராட்வேயின் பெரிய தியேட்டர்களில் ஒரு விதி உண்டு. மியூசிக்கல், அதாவது பாட்டும் இசையுமாக நடக்கும் நாடகம் போட்டால் இசைக்குழுவில் குறைந்தது இத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும். அந்த எண்ணிக்கை கதையைப் பொறுத்தது இல்லை, தியேட்டரைப் பொறுத்தது. 2003 வரை மிகப் பெரிய தியேட்டர்களில் அது 24 முதல் 26 வரை. அந்த வருடம் தயாரிப்பாளர்கள் இந்த விதியையே தூக்கப் பார்த்தார்கள். லோக்கல் 802 என்ற இசைக்கலைஞர் சங்கம் மார்ச் 7 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மறியலைத் தாண்டி உள்ளே போக மாட்டோம் என்று நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் சொல்லிவிட, 18 மியூசிக்கல்கள் மூடின. நான்கு நாளில் சமரசம்: பத்து வருடத்துக்கு 18 அல்லது 19 பேர்.

எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. பத்துப் பேர் கொண்ட ராக் இசைக்குழு போதும் என்று இசையமைப்பாளர் நினைத்தால் மீதிப் பேருக்கு எதற்குச் சம்பளம்? வாசிக்காமலே கூலி வாங்கியவர்கள் அங்கே இருந்தார்கள். 'வாக்கர்' என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. சங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு இசைக்கு எத்தனை பேர் என்பதைச் சங்கம் முடிவு செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

பக்கவாத்தியம்:
பாதிக் கதையைச் சொல்லிவிட்டுத் தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். உண்மையிலேயே சின்ன இசைக்குழு கேட்கும் படைப்புக்கு விலக்குக் கொடுக்க 1993லேயே ஒப்பந்தத்தில் வழி வைத்தாயிற்று. 'வாக்கர்' கதையைத் தயாரிப்பாளர்கள் 2003இலும் பாடியது விளம்பரத்துக்காக.

வேலைநிறுத்தம் வந்தால் ஷோவை நிறுத்தாமல் ஓட்ட தயாரிப்பாளர்கள் என்ன ஏற்பாடு செய்தார்கள் தெரியுமா? 'வர்ச்சுவல் ஆர்க்கெஸ்ட்ரா'. கணினியில் பதிந்த இசை. நடிகர்களை அதோடு ஒத்திகையும் பார்க்க வைத்தார்கள். இசையமைப்பாளரின் சுதந்திரத்துக்காகப் போராடுகிறவர் செய்கிற வேலையா இது?

கணக்கப்பிள்ளை:
உணர்ச்சியை ஓரமாக வையுங்கள். பிராட்வேயில் ஏறும் மியூசிக்கல்களில் பெரும்பாலானவை போட்ட முதலையே திருப்பி எடுப்பதில்லை. செட் ஒரு தடவைச் செலவு. இசைக்கலைஞர் சம்பளமோ வாரா வாரம், வாரத்துக்கு எட்டு ஷோ. கூட்டம் குறைந்த மாதத்தில் ஷோவைக் காப்பாற்றுவதும் மூடுவதும் இந்த வாரச் செலவில்தான் இருக்கிறது. ஷோ மூடினால் அந்தப் பத்தொன்பது பேருக்கும் வேலை போகிறதே, அதற்குச் சங்கம் பதில் சொல்லுமா?

2007இல் மேடைத் தொழிலாளர் சங்கமான லோக்கல் ஒன் 19 நாள் தியேட்டர்களை இருட்டாக்கியது. அங்கேயும் ஒரு வேலைக்கு இத்தனை பேர் என்ற அதே சண்டை. அதுவும் நன்றி நவிலல் விடுமுறைக்குக் கூட்டம் அலைமோதும் நவம்பரில். அந்த நாட்களில் பக்கத்து ஓட்டல் சர்வருக்கு டிப்ஸ் யார் கொடுத்தார்கள்?

பக்கவாத்தியம்:
கூட்டம் வராத மாதத்தில் வேலையை நிறுத்தினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? 2003இல் மேயர் புளூம்பெர்க் இரண்டு தரப்பையும் தன் மாளிகைக்குக் கூப்பிட்டு ராத்திரி முழுக்கப் பேச வைத்தார். வயலின் மேல் இருந்த காதலாலா? ஓட்டல், டாக்ஸி, ஊரின் வருமானம்.

ஓரச்சீட்டு:
சங்க விதி கலையை எப்படிக் கட்டிப்போடும் என்பதற்கு 1937ஐப் பாருங்கள். 'தி கிரேடில் வில் ராக்' என்று மார்க் பிளிட்ஸ்டைன் எழுதிய மியூசிக்கல், ஆர்சன் வெல்ஸ் இயக்கம். எஃகு ஆலை ஊரில் சங்கம் கட்டும் கதை. கடைசி நேரத்தில் வேறு தியேட்டருக்கு மாற வேண்டி வந்தபோது, அங்கே வாசிக்க முழு பிராட்வே கூலி வேண்டும் என்றது இசைக்கலைஞர் சங்கம். மேடை ஏறக்கூடாது என்றது நடிகர் சங்கம். சங்கத்தைப் போற்றும் நாடகத்துக்கே சங்கம் குறுக்கே நின்றது!

கடைசி வரிசை:
தம்பி, கதையை நடுவிலிருந்து ஆரம்பித்தால் எப்படி? ஏன் தியேட்டர் மாற வேண்டி வந்தது என்பதைச் சொல்லவே இல்லையே. அது வேலையில்லாதவர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு நடத்திய ஃபெடரல் தியேட்டர் திட்டத்தின் தயாரிப்பு. அந்த மே 30 அன்றுதான் சிகாகோவில் எஃகுத் தொழிலாளர் ஊர்வலத்தின் மேல் போலீஸ் சுட்டு 10 பேர் செத்தார்கள். அந்தச் சூட்டில் இந்த நாடகமா? நிதிக் குறைப்பு என்று காரணம் சொல்லி, ஜூலை வரை எந்தப் புது நாடகமும் தொடங்கக்கூடாது என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. தியேட்டர் வாசலில் காவல். செட், உடைகள் எல்லாம் உள்ளே.

ஜூன் 16 மாலை ஒரு பியானோவை லாரியில் ஏற்றி, எந்தத் தியேட்டருக்குப் போவது என்றே தெரியாமல் தெருத் தெருவாகச் சுற்றவிட்டார்கள். கடைசியில் வெனிஸ் தியேட்டர் கிடைத்தது. 21 தெரு தள்ளி. டிக்கெட் வாங்கியவர்கள் நடந்தே போனார்கள், வழியில் இன்னும் ஆள் சேர்ந்தது. மேடையில் பிளிட்ஸ்டைனும் அந்தப் பியானோவும் மட்டும். எல்லா வேடத்தையும் தானே பாடுவது என்ற முடிவோடு உட்கார்ந்தார். முதல் பாட்டைத் தொடங்கினார். பார்வையாளர் பக்கத்திலிருந்து இன்னொரு குரல். ஆலிவ் ஸ்டான்டன் என்ற நடிகை இருந்த இடத்திலேயே எழுந்து நின்று தன் பாட்டைப் பாடுகிறார். அப்புறம் ஒவ்வொருவராக அங்கங்கே எழுந்தார்கள். மேடை ஏறக்கூடாது என்றுதானே விதி, எழுந்து நிற்கக்கூடாது என்று இல்லையே!

அரசுச் சம்பளம் போய்விடுமோ என்று பயந்து வராதவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1939இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தத் திட்டத்தையே இழுத்து மூடியது.

கணக்கப்பிள்ளை:
அருமை அண்ணே. ஒரே ஒரு பியானோவோடு மியூசிக்கல் நடக்கும் என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். :)

பக்கவாத்தியம்:
ஒருநாள் விரதம் இருந்தவனைக் காட்டி ஊருக்கே சோறு வேண்டாம் என்கிறீர்கள்.

ரீல் டேப்:
நம்ம ஊர் ஆள் ஒருவன் குறுக்கே வரலாமா? கோடம்பாக்கத்தில் வரிசை வரிசையாக வயலின் உட்கார்ந்த கூடங்களுக்குக் கீபோர்டு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ரகுமானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' 2004இல் பிராட்வே போனபோது இந்த 18, 19 கணக்குதான் நடைமுறையில் இருந்தது. கணினியில் இசை கட்டுவதில் பேர்போனவர் அவர். அவர் ஷோவுக்கும் அங்கே ஆள் உட்கார்ந்துதான் வாசித்தார்கள்.

பக்கவாத்தியம்:
கணக்கு என்று வந்தால் முழுக்கணக்காகப் போடுவோம். 'தி புரொட்யூசர்ஸ்' மியூசிக்கலுக்கு 2001இலேயே நல்ல சீட்டுகளை 480 டாலருக்கு விற்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது பெரிய தியேட்டர்களின் பிட்டில், அதாவது மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் பள்ளத்தில், 24 முதல் 26 பேர் விதி. அது 18, 19ஆகக் குறைந்த பிறகு டிக்கெட் விலை குறைந்ததா? இன்று சராசரியே 100 டாலருக்கு மேல். மிச்சமான ஆட்களின் சம்பளம் எந்தப் பையில் போனது?

ஓரச்சீட்டு:
தியேட்டர் வாடகையிலும் விளம்பரத்திலும் போயிருக்கும். அது தனிச் சண்டை, அதில் நான் உங்கள் பக்கம். இதற்கு நான் கேட்பது ஒன்றுதான். இசையமைப்பாளர் தனக்கு இத்தனை பேர் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதற்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது.

பக்கவாத்தியம்:
கையெழுத்துப் போடும்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார் ஐயா? அவருக்கு முதல் ஷோவுக்கு வாய்ப்புக் கொடுக்கப்போகிற தயாரிப்பாளர்தானே?