ரைசன் 5 3600-லிருந்து 5700எக்ஸ்: தள்ளுபடியில் வாங்கலாமா?

மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 2020-இல் வாங்கிய கணினி: ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. 4கே-க்கு மாறியதிலிருந்து டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. எக்ஸ்போர்ட்டில் பிராசசர் 100 சதவீதத்திலேயே நிற்கிறது.

ராமை 32 ஜிபி ஆக்கினேன், தெர்மல் பேஸ்ட்டும் மாற்றியாயிற்று. சூடு அதிகமில்லை. பிராக்ஸி (எடிட்டிங்குக்கான குறைந்த தர நகல்) போட்டதில் எடிட்டிங் கொஞ்சம் சுலபமானது, எக்ஸ்போர்ட் அப்படியேதான்.

இப்போது ரைசன் 7 5700எக்ஸ் பிராசசர் தள்ளுபடியில் கிடைக்கிறது. 8 கோர், அதே 65 வாட், பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் இந்த போர்டிலேயே ஓடும். ஆனால் பெட்டியில் கூலர் வராது. ஏஎம்டி-யின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போவதென்றால் பிராசசரோடு போர்டு, டிடிஆர்5 ராம் எல்லாமே புதிதாக வாங்க வேண்டும். தை முகூர்த்தங்களுக்கு முன் அவ்வளவு பணம் புரட்டுவது கஷ்டம்.

இதே மாற்றத்தைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: 4கே எக்ஸ்போர்ட் நேரம் உண்மையில் எவ்வளவு குறைந்தது?