பைக் செயின் துடைக்கப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

கரிக்கை:
இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டு, சுற்றும் செயின் மேல் துணியைப் பிடிப்பது. சீக்கிரம் முடியும் என்பதால் நானும் மூன்று வருடம் அப்படித்தான் செய்தேன். அன்று பழைய பனியன் துணி. ஒரு நூல் பின் ஸ்ப்ராக்கெட் (செயின் சுற்றும் பல்சக்கரம்) பல்லில் மாட்டியது. துணியை விட்டுவிடலாம் என்று மூளை சொல்வதற்குள் துணி உள்ளே போய்விட்டது, கூடவே ஆள்காட்டி விரல் நுனியும். இன்ஜின் உறுமவே இல்லை, திணறவே இல்லை. அதே டப் டப் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. நகம் கோணலாக வளர்கிறது.

மழைப்பயணி:
எனக்கு விரல் தப்பியது, வண்டி தப்பவில்லை. செயினுக்கு ஸ்ப்ரே லூப் (மசகு எண்ணெய்) அடித்த கையோடு கிளம்பினேன். முதல் இடது வளைவிலேயே பின்சக்கரம் சோப்பு மேல் வைத்தது போல வழுக்கிக்கொண்டு போனது. கீழே விழுந்து கிடந்தபடி பார்த்தால் டயரின் இடது ஓரம் பளபளவென்று மின்னுகிறது. செயினும் அதே பக்கம்தானே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைக்கும் லூப் போட்ட மறுநாள் இடது பக்கம் சாய்க்கவே மாட்டேன்.

ஓரிங்:
முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு 'சீக்கிரம்' என்று பெயர் வைக்காதீர்கள். நியூட்ரல், இன்ஜின் ஆஃப், சென்டர் ஸ்டாண்ட், கையால் சக்கரத்தைச் சுற்றுவது. கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகுமா? கையால் சுற்றும்போதும் விரல் ஸ்ப்ராக்கெட் பக்கம் போகக் கூடாது.

என் கதை சின்னது. பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தேன், செயின் புதுசு போல ஆனது. சில மாதத்தில் ஓ-ரிங்குகள் (கண்ணிகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள்) வெடித்து, ஒரு கண்ணி மடங்கியபடியே நின்றுவிட்டது. ஓ-ரிங் இருப்பதே கண்ணியின் பின் என்ற ஊசிக்கும் அதைச் சுற்றிய புஷ் என்ற குழலுக்கும் நடுவில் கம்பெனி அடைத்த கிரீஸ் வெளியே போகாமல் இருக்கத்தான். அது போனால் வெளியிலிருந்து எவ்வளவு லூப் ஊற்றினாலும் உள்ளே சேராது. ஆகவே மண்ணெண்ணெய், மெல்லிய பிரஷ், காய்ந்த துணி. வண்டி ஓட்டி வந்து செயின் இளஞ்சூடாக இருக்கும்போது லூப் போடுங்கள். கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில் அடியுங்கள், சுற்றும் வேகத்தில் தானாக வெளிப்பக்கம் வரும். மிச்சத்தைத் துடைத்துவிட்டு இரவு முழுக்க விடுங்கள். மழைப்பயணி தவறவிட்டது அந்த இரவைத்தான். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் உடனே. அப்புறம் லூப்புக்குப் பதிலாக 90 நம்பர் கியர் ஆயிலும் நல்லதுதான், தெறிப்பது மட்டும் அதிகம்.

தளர்ச்சி:
மண்ணெண்ணெயே வேண்டாம், செயின் கிளீனர்தான் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. சுத்தம் செய்த உற்சாகத்தில் நான் செயினை இறுக்கியதுதான் தப்பு. தொய்வாக இருந்த ஓர் இடத்தில் மட்டும் அளந்தேன், சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை. பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை, இறுக்கமான இடத்தில்தான் அளக்க வேண்டும். பின்னால் ஆளை உட்காரவைத்து ஒரு வேகத்தடையில் இறங்கியதும் காலுக்குக் கீழே 'ஙொய்ங்' என்று ஒரு முனகல். இரண்டு வாரம் கழித்து முன் ஸ்ப்ராக்கெட் கவருக்கு அடியில் ஆயில் சொட்டு. ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போயிருந்தது.

கரிக்கை:
ஓரிங், நான் நகத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன், பாடம் கேட்க வரவில்லை. சரி, நீங்கள் சொன்னது தப்பில்லை. இப்போது கையால்தான் சுற்றுகிறேன். அந்தப் பனியனில் ஒரு துண்டு இன்னும் முன் கவருக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். கழற்றிப் பார்க்கத்தான் மனசு வரவில்லை.