நாலாவது வருஷ ஜூலாஜி ரிசர்ச்சும் நண்டு வளையும்

வெள்ளாறு: நேத்து இங்க ‘கழிமுகம்’ங்கற பேர்ல எழுதறவர் ஒன்னு போட்டிருந்தார். “பழைய எம்.ஃபில் ஜூலாஜிங்கறது சும்மா நண்டு வளை எண்ணி வாங்குன பட்டம், இப்ப நாலு வருஷ டிகிரியில நாலாவது வருஷ ஹானர்ஸ் பசங்க பண்றதுதான் ரிசர்ச்”னு. படிச்சதுலருந்து மனசு ஆறல. எம்.ஃபில்னா எம்.எஸ்சி.க்கு அப்புறம் பண்ணுன ஆராய்ச்சிப் பட்டம்; அதுக்காக 2011ல பிச்சாவரம் சதுப்புல ஒரு வருஷம் எண்ணுனவன் நான். தண்ணி வத்துற நேரம் பாத்து சேத்துல இறங்கணும், முழங்கால் வரைக்கும் புதையும், ஒரு மீட்டர் சதுரச் சட்டத்த வச்சு வளைய ஒவ்வொன்னா எண்ணணும், நம்ம நிழல் பட்டாலே நண்டு உள்ள ஓடிரும், அதனாலதான் வளைய எண்றது. இது சும்மாவா?

கழிமுகம்: உழைப்ப யாரு சார் கொற சொன்னா? வளைய எண்ணுனா நண்ட எண்ணுனதாகுமா? காலி வளைய என்ன பண்ணீங்க?

வெள்ளாறு: ஒரு வளைக்கு ஒரு நண்டு. வாய்கிட்ட புது மண் உருண்ட கிடந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். சேத்துல இறங்குனவனுக்குத் தெரியும்.

பழஈ: நான் டெல்லியில நாலாவது வருஷம் படிக்கிறேன். ஆறு செமஸ்டர்ல 75 சதவீதம் இருந்தாதான் ரிசர்ச்சுக்கே விடுவாங்க, எங்களுக்கும் சும்மா கிடைக்கல. எனக்கு ட்ரோசோஃபிலா, அதான் பழ ஈ, 25 டிகிரியில பத்து நாளைக்கு ஒரு தலைமுறை வந்துரும், ஒரு வருஷம் தாராளம். நண்டுக்கு அந்த ஒரு வருஷத்துல ஒரே ஒரு மழைக்காலம்தானே கிடைக்கும் அண்ணா?

வெள்ளாறு: ஏசி ரூம்ல பாட்டில்ல ஈ வளக்கறதும் சதுப்புல நிக்கறதும் ஒன்னாம்மா?

பழஈ: ராத்திரி எட்டு மணிக்கு வந்து இன்னும் இணை சேராத பெண் ஈய பிரிச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

ஈரமண்: சண்டைய விடுங்கப்பா. பத்து சட்டத்துல ஒன்னையாவது தோண்டிப் பாத்தீங்களா வெள்ளாறு?

வெள்ளாறு: தோண்டுனா அடுத்த மாசம் அதே இடத்துல எத எண்றது? ஒரு வளைக்கு ஒரு நண்டு, எத்தன தடவ சொல்றது!

கழிமுகம்: அப்ப தோண்டல. 2022 நவம்பர்ல யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, எம்.ஃபில்லயே நிறுத்துனது சரிதான்.

வெள்ளாறு: நிறுத்திட்டா நான் எண்ணுனது பொய்யாயிருமா? போன வருஷம் நான் நாரைகள எண்ணுன கணக்குலயும் இப்படித்தான் வம்புக்கு வந்தீங்க, மறக்கல. நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க.

கழிமுகம்: தங்காதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப அந்த வளை காலிதானே?

வெள்ளாறு: ரெக்கார்ட் நோட்டு பரண்ல இருக்கு, இன்னிக்கி ராத்திரியே எறக்கி ஒவ்வொரு பக்கமா போட்டோ போடறேன்.

கழிமுகம்: போடுங்க. காலி வளைக்குன்னு தனிக் கட்டம் இருக்கற பக்கத்த மொதல்ல போடுங்க.