பணிமனை விபத்தில் இரண்டு விரல்களை இழந்தேன். இழப்பீடு கேட்கக் காலக்கெடு நெருங்குகிறது

பிட்டடித் தொழிலாளி | 9 செப்டம்பர் 2024

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளையின் பணிமனையில் நிரந்தரத் தொழில்நுட்பப் பணியாளராக வேலை செய்கிறேன். 2022 நவம்பர் 14 அன்று இரவுப் பணியில் ஒரு பேருந்தின் ஃபேன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஏறிய ஒருவர் நான் முன்பக்கம் நிற்பதை அறியாமல் என்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டார். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. மோதிர விரல் இருக்கிறது, ஆனால் மடங்குவதில்லை. அப்போது எனக்கு 40 வயது நிறைந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மாதச் சம்பளம் ஏறத்தாழ 31,000 ரூபாய்.

நான்கரை மாதங்கள் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த நாட்கள் முழுவதையும் என் ஈட்டிய விடுப்பிலும் மருத்துவ விடுப்பிலும் கழித்துவிட்டார்கள். மருத்துவச் செலவில் ஒரு பகுதி வந்தது. இழப்பீடு பற்றிக் கேட்டபோதெல்லாம் கோப்பு தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்ற பதிலே கிடைத்தது. சென்ற வாரம் அழைத்து, 50,000 ரூபாய் கருணைத் தொகையாகத் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் கூறினார்கள். பேட்டரி ஸ்விட்சை அணைக்காமல் வேலை செய்தது என் கவனக்குறைவு என்பதால் சட்டப்படி எனக்கு ஒன்றும் வராது என்றும், வேலையும் சம்பளமும் தொடர்வதால் எனக்கு நட்டமே இல்லை என்றும் ஓர் அதிகாரி வாதிட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்று ஒரு நண்பர் சொல்லக் கேட்டு இதை எழுதுகிறேன். அரசு நிறுவனத்தின் மீது இவ்வாறு வழக்குப் போட முடியுமா? எங்கே போட வேண்டும்? எவ்வளவு வரும்?

பழைய தொழிற்சங்கக்காரர் | 9 செப்டம்பர் 2024

தோழருக்கு வணக்கம். முதலில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்குப் பொருந்துவது 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்றிருந்த பெயர் 2010இல்தான் இப்படி மாறியது. எங்கள் தலைமுறைக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. அரசுக்கு இது பொருந்தாது என்பது பணிமனைகளில் நெடுங்காலமாக உலவும் தவறான பேச்சு. அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் தம் கடமைகளைச் செய்வதையே தொழில் நடத்துவதாகக் கொள்ள வேண்டும் என்று சட்டத்தின் 2ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. ஆயுதப் படையினருக்குத்தான் இச்சட்டம் இல்லை. இயந்திர விசையால் ஓடும் வண்டிகளைப் பழுதுபார்ப்போர் இரண்டாம் அட்டவணையின் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருக்கிறார்கள்.

இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள் மட்டும் இந்த வழியில் வர முடியாது. அவர்களுக்கு உரிய ஊனப் பயன் இ.எஸ்.ஐ. கழகத்திலிருந்தே கிடைக்கும். 2017 முதல் அதன் சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்பதால் நீங்கள் அதற்கு வெளியேதான் இருப்பீர்கள். இருந்தாலும் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கவனக்குறைவு என்ற வாதத்துக்கு வருகிறேன். நாற்பது ஆண்டுகளில் இதைக் கேட்காத விபத்தே எனக்கு நினைவில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு இச்சட்டத்தில் இழப்பீட்டுக்குத் தடையே அன்று. குடிபோதையில் இருந்தார், பாதுகாப்புக்காக வெளிப்படையாக இடப்பட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே அதைக் கழற்றினார் என்ற மூன்றில் ஒன்றை நிர்வாகம் மெய்ப்பிக்க வேண்டும். அதனால்தான் விபத்து நேர்ந்தது என்பதையும் காட்ட வேண்டும். பேட்டரி ஸ்விட்ச் பற்றிச் சுற்றறிக்கை ஏதேனும் காட்டினால், அன்றாடம் அந்தப் பணிமனையில் வேலை எப்படி நடந்தது, மேற்பார்வையாளர் அருகில் இருந்தாரா, ஸ்டார்ட் செய்தவர் யார் என்பவற்றைச் சாட்சியத்தில் கொண்டுவந்துவிடுங்கள். மறதி வேறு, வேண்டுமென்றே மீறுவது வேறு.

சட்ட உதவியாளன் | 10 செப்டம்பர் 2024

ஐயா, உங்களுக்கு 2024 நவம்பர் 14 வரை காலம் இருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் அதன் பிறகும் மனுவை ஏற்கும் அதிகாரம் இதை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையருக்கு உண்டு. ஆயினும் கோப்பு தலைமை அலுவலகத்தில் இருந்தது என்பதைக் காரணமாகச் சொல்லும் நிலைக்கு நீங்களே போக வேண்டாம்.

தொகையைக் கணக்கிடும் முறை இதுதான். நிரந்தர முழு ஊனத்துக்கு, மாத ஊதியத்தின் 60 விழுக்காட்டை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். உங்கள் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் உச்ச ஊதியம் 15,000 ரூபாய்; அதன் 60 விழுக்காடு 9,000. விபத்துக்கு முந்தைய பிறந்தநாளில் 40 வயது நிறைந்தவருக்கு நான்காம் அட்டவணை தரும் காரணி 184.17. இரண்டையும் பெருக்கினால் 16,57,530 ரூபாய். பகுதி ஊனத்துக்கு இதில் எத்தனை விழுக்காடு என்பதை முதல் அட்டவணை சொல்கிறது. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, நடுவிரல் முழுவதும் போனால் 12 விழுக்காடு. எனவே 26 விழுக்காடு, அதாவது 4,30,958 ரூபாய் வரும்.

வேலை தொடர்வதால் நட்டமில்லை என்ற பேச்சு, அட்டவணையில் உள்ள காயங்களுக்குச் செல்லாது. அங்கே வருவாய் ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைச் சட்டமே விழுக்காட்டால் வரையறுத்துவிட்டது. அதே சம்பளத்தில் உங்களை வைத்திருப்பது அந்த விழுக்காட்டைக் குறைத்துவிடாது.

பழைய தொழிற்சங்கக்காரர் | 10 செப்டம்பர் 2024

தம்பி சொன்ன முறை சரி. கூட்டல் மட்டும் சரியில்லை. ஒரே கையில் இரண்டு விரல்களை இழந்தால் 20 விழுக்காடு என்று அதே அட்டவணையில் தனி வரி இருக்கிறது. 26 என்று மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அதைத்தான் பிடிப்பார். 20 விழுக்காட்டுக்கு வருவது 3,31,506 ரூபாய்.

ஆனால் மோதிர விரலை யாரும் கவனிக்கவில்லையே! ஓர் உறுப்பின் பயன்பாடு முழுமையாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டால், அந்த உறுப்பையே இழந்ததாகக் கருத வேண்டும் என்று அட்டவணையின் கீழே ஒரு குறிப்பு உண்டு. அந்த விரல் முற்றிலும் பயனற்றது என்று மருத்துவர் சான்றளித்தால் மூன்று விரல் இழப்பு ஆகிறது; அதற்கு 30 விழுக்காடு, அதாவது 4,97,259 ரூபாய். ஓரளவு அசைகிறது என்றால் அது அட்டவணைக்கு வெளியே உள்ள காயம். அதனால் வருவாய்த் திறன் எவ்வளவு குறைந்தது என்று தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிட்டு எழுத வேண்டும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். மாற்றுத்திறனாளி அடையாளச் சான்றில் உள்ள விழுக்காடு உடலின் ஊனத்தைக் குறிப்பது. ஸ்பேனர் பிடித்துப் பிழைப்பவரின் வருவாய்த் திறன் எவ்வளவு போனது என்பது வேறு கேள்வி. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளிவந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில், இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சர் ஒருவருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்பதால் நூறு விழுக்காடு இழப்பு என்றே நான்கு நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். காயத்தோடு செய்யும் தொழிலையும் சேர்த்து மருத்துவரிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

அதே தீர்ப்புதான் வட்டிக்கும் அடிப்படை. ஆணையர் தொகையை முடிவு செய்யும் நாளில் பிறப்பதன்று இழப்பீடு. விபத்து நடந்த அன்றே முதலாளி கொடுக்க வேண்டிய கடனாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்கத் தவறினால் 12 விழுக்காடு வட்டி சேரும். 3,31,506 ரூபாய்க்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 39,780 ரூபாய். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால், அசலில் பாதி வரை தண்டத்தொகை விதிக்கவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. நிர்வாகம் தன் பொறுப்பை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறதோ அந்த அளவுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு 50,000 ரூபாயைக் கருணை என்று நீட்டுகிறார்கள்.

பிட்டடித் தொழிலாளி | 11 செப்டம்பர் 2024

இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். விபத்து நடந்தபோது நான் எழுத்து மூலமாக எதையும் கொடுக்கவில்லை; நேராக மருத்துவமனைக்குத்தான் கொண்டு போனார்கள். அது பாதகமாகுமா? வழக்குப் போட்டால், கையால் வேலை செய்ய முடியாதவர் என்று காட்டி வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள்.

சட்ட உதவியாளன் | 11 செப்டம்பர் 2024

தோழர் திருத்தியது சரி. இரண்டு விரல்களுக்கான தனி வரியை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

அறிவிப்புக் கொடுக்காதது பாதகமாகாது. விபத்து வேறு வழியில் முதலாளிக்குத் தெரிந்திருந்தால், அறிவிப்பு இல்லை என்ற காரணத்தால் மனுவைத் தள்ள முடியாது. அவர்களே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் மருத்துவச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்ததும் போதுமான சான்றுகள். இருந்தாலும் கிளை மேலாளருக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதி ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, அந்த மாதச் சம்பளச் சீட்டு, அன்றைய வருகைப் பதிவு, பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி உள்ள பக்கம் ஆகியவை வேண்டும். விபத்து குறித்த உள்விசாரணை அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்றே கேளுங்கள். பதிலளிக்க 30 நாட்கள் என்பதால் நவம்பருக்குள் கையில் கிடைத்துவிடும். தனியார் நிறுவனத் தொழிலாளிக்கு இந்த வசதி இல்லை.

மனுவை எஃப் படிவத்தில், தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராகச் செயல்படும் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரம் இல்லை. விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் பகுதியிலோ மனுச் செய்யலாம். மூன்று மாதங்களில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும் அந்த நம்பிக்கையில் கடன் வாங்கிவிடாதீர்கள். வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளி என்ற முறையில் இலவச உதவி கேட்கலாம்.

மருத்துவச் செலவில் வராத மீதியையும் மனுவில் கேளுங்கள். 2010 முதல், பணியின்போது ஏற்பட்ட காயத்துக்கான உண்மையான மருத்துவச் செலவு முழுவதையும் முதலாளி திருப்பித் தர வேண்டும். அதை இழப்பீட்டில் கழிக்கவும் கூடாது. உங்கள் சொந்த விடுப்புக் கணக்கில் பெற்ற சம்பளத்தை இழப்பீடு என்று சொல்லிக் கழிக்க வந்தால் அதையும் மறுத்து வாதிடுங்கள்.

வேலை போகும் என்ற அச்சம் வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, பணிக்காலத்தில் ஊனமுற்றவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் உபரிப் பணியிடம் உண்டாக்கியாவது வைத்திருக்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான கழகங்களும் இதில் அடங்கும்.

ஒப்பந்த ஊழியர் | 12 செப்டம்பர் 2024

நான் வேறொரு கிளையில் ஒப்பந்ததாரர் மூலம் பேருந்து கழுவும் வேலை செய்கிறேன். எனக்கு இ.எஸ்.ஐ. பிடிப்பதில்லை. எனக்கு அடிபட்டால் நீ எங்கள் ஆளே இல்லை என்பார்களே?

பழைய தொழிற்சங்கக்காரர் | 12 செப்டம்பர் 2024

சொல்வார்கள், சொன்னாலும் 12ஆவது பிரிவு அவர்களை விடாது. தன் தொழிலின் ஒரு பகுதியான வேலையை ஒப்பந்ததாரரிடம் கொடுத்தவர், சொந்தத் தொழிலாளிக்குக் கொடுப்பதுபோல் உங்களுக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டும்; கொடுத்த பிறகு ஒப்பந்ததாரரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம். வேலை நடக்கும் இடம் அவர்களுடையதாகவோ அவர்கள் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும். பணிமனைக்குள் கழுவுகிறீர்கள் என்பதால் அதில் சிக்கல் இல்லை. வருகையைப் பதிவு செய்யும் ஏதாவது ஒரு சீட்டின் படமாவது உங்கள் கைபேசியில் இருக்கட்டும்.

கேள்வி கேட்ட தோழருக்கு ஒன்று விட்டுப்போயிற்று. ஒருவேளை அந்த 50,000 ரூபாயை வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள் என்றாலும் உரிமை போய்விடாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17ஆவது பிரிவின்படி செல்லாது. ஆணையரிடம் பதிவு செய்யாத உடன்பாட்டின் பேரில் கொடுத்த தொகையில், அவர் வேறு விதமாக ஆணையிட்டாலொழிய, பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது. தீர்ப்பு வந்தபின் நிர்வாகம் உயர் நீதிமன்றம் போகும் என்பதையும் இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் பெரும்பாலும் அதுதான் வழக்கம். ஆனால் 60 நாட்களுக்குள் போக வேண்டும், முக்கியமான சட்டக் கேள்வி இருக்க வேண்டும், தொகையை முன்னதாக ஆணையரிடம் கட்டியதற்கான சான்றும் மேல்முறையீட்டுடன் இணைக்கப்பட வேண்டும்.

பிட்டடித் தொழிலாளி | 23 செப்டம்பர் 2024

கிளை மேலாளரிடம் கடிதம் கொடுத்து முத்திரையுடன் நகல் பெற்றுவிட்டேன். தகவல் உரிமை மனுவும் பதிவுத் தபாலில் போய்விட்டது. அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவு மருத்துவர் மோதிர விரலைச் சோதித்து, அடுத்த வாரம் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் ஒருவரை ஒதுக்கியிருக்கிறார்கள். 50,000 ரூபாய்க்கான காகிதம் இன்னும் அலுவலக மேசை மேல்தான் இருக்கிறதாம்.