முகாமில் சிறு குழந்தைகளோடு விளையாட்டு: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நிவாரண முகாமில் 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளை மாலையில் 2 மணி நேரம் பார்த்துக்கொள்கிறேன். பொம்மைகள் இல்லை. பாட்டில் மூடிகளும் அட்டைப் பெட்டிகளும்தான்.

4 வயதுச் சிறுமி ஒருத்தி பெட்டிக்குள் மூடிகளை வரிசையாக அடுக்குவாள். "தண்ணீர்! தண்ணீர்!" என்று கத்திக்கொண்டே கவிழ்ப்பாள். மறுபடியும் அடுக்குவாள். பயந்ததைத் திரும்பத் திரும்ப விளையாடிப் பார்ப்பது இந்த வயதில் இயல்புதான் என்பதால் தடுக்கவில்லை. ஆனால் நேற்று கவிழ்த்ததும் அப்படியே உறைந்து உட்கார்ந்துவிட்டாள். "இதோ படகு வருகிறது" என்று ஒரு செருப்பை நகர்த்தினேன். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு மூடியை அதில் ஏற்றினாள். நான் குறுக்கிட்டது சரியா? எந்தக் கட்டத்தில் மனநல மருத்துவரை நாட வேண்டும்?

அம்மாவை விட்டு நகராத சிறுவனும் இருக்கிறான். அம்மாவையும் சேர்த்து உட்கார வைக்கலாமா?

"இந்த நேரத்தில் விளையாட்டு ஒரு கேடா?" என்று சிலர் கேட்கிறார்கள். 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டை உரிமை என்றே சொல்கிறது. அதைச் சொல்லித்தான் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினேன்.

இப்படிப்பட்ட குழந்தைகளோடு பழகியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். நாளை மாலை அவள் மறுபடியும் அந்தப் பெட்டியைத்தான் எடுப்பாள்.